தலைவரைத் தூக்கிட்டோம்

ஊராட்சி அலுவலகத்துத் தொலைபேசி அலறியது.

அது அலறி நெடுநாள் ஆகியிருந்தது. செத்துப் போய்விட்டது என்றே கிளார்க் நினைத்திருந்தார். அதனால் அவர் முதலில் பயந்தது, மணி அடித்ததற்காக.

இரண்டாவதாகப் பயந்தது, எடுத்ததும் வந்த குரலுக்காக.

“உங்க தலைவரைத் தூக்கிட்டோம்.”

கரகரத்த குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

“யாருங்க பேசறது?”

“கடத்தினவன் பேசறேன்.”

“வணக்கங்க,” என்றார் கிளார்க். எதிரில் யாராக இருந்தாலும் வணக்கம் சொல்லிப் பழகிய நாக்கு.

“வணக்கம் இருக்கட்டும். இன்னிக்கு மதியம் மீட்டிங் நடக்கக் கூடாது. நடந்துச்சு... உங்க தலைவர் திரும்பி வர மாட்டார்.”

கிளார்க் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

தலைவர் அறையின் கதவு திறந்து கிடந்தது. தரையில் ஒற்றைச் செருப்பு. மேஜை. மேஜைக்குப் பின்னால்...

வெற்றிடம்.

ஆளைக் காணோம். ஆள் உட்காரும் நாற்காலியையும் காணோம்.

கிளார்க் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டியது ஓர் அரசு ஊழியரின் கடமை அல்லவா...

“சார், ஒரு சின்ன விஷயம். கோவிச்சுக்காதீங்க.”

“என்ன?”

“நீங்க தூக்கினது தலைவரை இல்லீங்க.”

“என்னய்யா சொல்றே?”

“தலைவரோட வீட்டுக்காரரை.”

மறுமுனையில் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரோ யாரிடமோ கசமுசாவென்று பேசும் சத்தம். துணிக் குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் உறுதி குறைந்திருந்தது.

“குழப்பாதய்யா. பையில ரெண்டு பேனா குத்திக்கிட்டு, ஊரே ‘தலைவரே, தலைவரே’ன்னு கும்பிடுதே... அந்த ஆள்தானே தலைவர்?”

“கும்பிடறது அவரைத்தாங்க. ஜெயிச்சது அவங்க சம்சாரம்.”

“அந்த அம்மா எங்க?”

“தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கறாங்க.”

மறுபடியும் கசமுசா.

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மீட்டிங் நடக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

டொக்.

* * *

கடத்தப்பட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை.

ஊர் அவரை முன்னால் ‘தலைவரே’ என்றது. பின்னால் ‘ரெண்டுபேனா’ என்றது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று அவர் கையெழுத்துக்கு. இன்னொன்று மனைவியின் கையெழுத்துக்கு.

இந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ரெண்டுபேனா அசரவில்லை. மனைவியை நிறுத்தினார். சுவரொட்டி அடித்தார். அதில் மனைவியின் படம் தபால்தலை அளவு. அவர் படம் கதவு அளவு. ஊர் தபால்தலைக்கு ஓட்டுப் போட்டது. கதவு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

அந்த நாற்காலி சாதாரண நாற்காலி இல்லை. சுழல் நாற்காலி. அடியில் சக்கரம், முதுகுக்குப் பஞ்சு, வலப்பக்கம் திரும்பினால் மட்டும் ‘கிறீச்’. தண்ணீர் லாரிகளின் முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்தது.

ஏன் கொடுத்தார்?

ஊருக்கு ஒரு ஆழ்குழாய்க் கிணறு உண்டு. மோட்டாரும் உண்டு. ஒரு வாஷர் தேய்ந்து போனதால் மோட்டார் நின்றது. வாஷர் மாற்ற ஊராட்சிக்கு அதிகாரமில்லை. மேலாபீஸுக்கு எழுதினார்கள். எந்த வாஷர் என்று கேட்டு வந்தது. பதில் போட்டார்கள். வாஷர் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டு வந்தது. அதற்குள் ஊர் லாரித் தண்ணீருக்குப் பழகிவிட்டது. ஹாரன் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாளியோடு ஓடும்.

இப்போது ஒரு புது உத்தரவு. ‘எங்கள் தண்ணீரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று தீர்மானம் போடும் ஊருக்கு அந்த அதிகாரம் கைக்கு வரும். வீட்டுக்கு வீடு குழாயும் வரும். தீர்மானம் இன்று மாலை ஐந்து மணிக்குள் மேலாபீஸ் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வாய்ப்பு அடுத்த ஊருக்கு. இந்த ஊர் மறுபடி வரிசையின் வாலில்.

தலைவர் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது. துணைத்தலைவர் நடத்தலாமே என்றால், அவர் எப்போதோ ராஜினாமா செய்துவிட்டார். காரணம்: உட்கார இடமில்லை.

* * *

இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். முதல் கேள்வி கேட்டார்.

“குடிக்கத் தண்ணி கிடைக்குமா?”

“லாரி வந்தாத்தாங்க சார்.”

இன்ஸ்பெக்டர் எச்சிலை விழுங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். புழுதியில் சின்னச் சின்னச் சக்கரத் தடம். மேஜையிலிருந்து வாசல் வரை.

“என்ன வண்டி இது? இவ்ளோ சின்னச் சக்கரம்?”

“நாற்காலிங்க சார்.”

“ஓ... அப்ப ஆளை நாற்காலியோட கட்டித் தள்ளிக்கிட்டுப் போயிருக்கானுங்க. பயங்கரமான கும்பல்.”

“அவரை அதுலேர்ந்து எழுப்பறதை விட அது சுலபந்தான்,” என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

நனைந்த கால்கள். இரண்டு கையிலும் வாளி. பின்னால் தையல்கார அம்மா. ஊராட்சி உறுப்பினர், கழுத்தில் அளவு நாடா, வாயில் எப்போதும் ஒரு குத்தல். வாளிக்காரப் பெண்மணி வாளிகளை இறக்கி வைத்தார். ஒரு டம்ளரில் மொண்டு இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“தாகமா இருப்பீங்க. குடிங்க.”

இன்ஸ்பெக்டர் ஒரே மூச்சில் குடித்தார்.

“நீங்க யாரும்மா?”

“இந்த ஊர்த் தலைவர்,” என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே ஒரு கணம் யோசித்தார். அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்வது அவருக்கும் அதுதான் முதல் தடவை. அலுவலகத்துக்குள் கால் வைப்பதும், பதவி ஏற்ற நாளுக்குப் பிறகு, இப்போதுதான்.

கிளார்க் பதறி எழுந்து தன் மரநாற்காலியைத் துடைத்தார்.

“உக்காருங்கம்மா... உக்காருங்க.”

“நீங்க உக்காருங்க. உங்களுக்கு எழுத வேண்டியிருக்கும்.” அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தொடங்கினார்.

“உங்க வீட்டுக்காரருக்கு எதிரிங்க யாராவது?”

“யாரும் கிடையாது சார்.”

“பொதுவாழ்க்கையில இருக்கறவரு... ஒருத்தர் கூடவா?”

“எதிரி வைக்கற அளவுக்கு அவர் எதையும் செஞ்சதில்லையே.”

தையல்கார அம்மா நாடாவைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. லாரி முதலாளி. சட்டை வெள்ளை, பல் வெள்ளை, முகம் மட்டும் துக்கத்துக்காகக் கறுத்திருந்தது.

“தங்கச்சி... கேள்விப்பட்டதும் சோறு இறங்கலம்மா. எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி அவன்.”

“யாருகிட்டண்ணே கேள்விப்பட்டீங்க?” என்றார் தலைவர். “நான் கேள்விப்பட்டே கொஞ்ச நேரந்தான் ஆவுது.”

“ஊரே பேசுதும்மா...” அவர் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார். ஈரம் இல்லாத கண். “அதை விடு. முதல்ல மீட்டிங்கைத் தள்ளி வை. மனுஷ உயிரை விடவா தண்ணி பெருசு? தண்ணி நான் தரேன்.”

“சும்மாவா?” என்றார் தையல்கார அம்மா.

“உயிரைப் பத்திப் பேசறப்ப வெல பேசாதம்மா.”

“அப்ப சும்மா இல்ல.”

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

“அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. ஒரு நாள் தள்ளி வெச்சா...”

“ஒரு நாள் தள்ளினா அடுத்த ஊருக்குப் போயிடும் சார். அப்பறம் எங்க பேரப்பிள்ளைங்களும் வாளியைத்தான் தூக்கணும்.” தலைவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். வாளிப்பிடி அழுத்திய சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை. “ஆனா அவரும் முக்கியந்தான். கட்டிக்கிட்டாச்சே.”

அப்போது தொலைபேசி மறுபடி அலறியது.

எல்லோரும் உறைந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சைகை காட்டினார். தலைவர் ரிசீவரை எடுத்தார்.

“ஹலோ.”

“யாரு?” துணிக் குரல்.

“தலைவர் பேசறேன்.”

எதிர்முனை இருமியது. புரையேறிய இருமல். குரல் எங்கோ காலியான அறையிலிருந்து வருவது போல் எதிரொலித்தது.

“தலைவர்... எங்ககிட்ட இருக்காரு.”

“அது என் வீட்டுக்காரர். எப்படி இருக்கார்?”

“கைகாலைக் கட்டிப் போட்டிருக்கோம்.”

கிறீச்.

தலைவரின் ஒரு புருவம் உயர்ந்தது.

“ஐயோ பாவம். அசையக் கூட முடியாதா?”

“ஒரு விரல் கூட அசைக்க முடியாது.”

கிறீச்... கிறீச்.

“சாப்பிட்டாரா?”

“பட்டினி. பச்சத்தண்ணி பல்லுல படல.”

யாரோ பொட்டலத்தைப் பிரிக்கும் சலசலப்பு. பிறகு நொறுக்கென்று கடிக்கும் ஒலி.

“சரி, அவர் உசுருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது. பார்த்துக்குங்க,” என்றார் தலைவர். ரிசீவரை வைத்தார்.

“என்னம்மா சொன்னான்?” இன்ஸ்பெக்டரின் குரலில் பரபரப்பு.

“மீட்டிங் நடக்கக் கூடாதாம். ரொம்பக் கொடுமைப்படுத்தறாங்க போலருக்கு.” தலைவர் எழுந்தார். “சார், வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். அடுப்புல வெச்சது அப்படியே கிடக்கு.”

“தாராளமா போங்கம்மா. மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.”

போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கஷ்டம் எதுவும் இல்லை. கழுவித் துடைத்த முகம். நடையில் ஒரு வேகம்.

“கிளார்க் சார். உறுப்பினர்களைக் கூப்பிடுங்க. மீட்டிங் நடக்கும்.”

லாரி முதலாளியின் வெள்ளைப் பல் மறைந்தது.

“தங்கச்சி! புருஷன் உசுரும்மா!”

“கடத்தினவங்க தலைவரைத் தூக்கிட்டோம்னாங்க. தலைவர் இங்க இருக்கேன். என்னை யாரும் கடத்தல. கடத்தப்படாத தலைவர் மீட்டிங் நடத்தலாமில்ல, கிளார்க் சார்?”

கிளார்க் விதிப் புத்தகத்தை ஒரு முறை மனசுக்குள் புரட்டினார்.

“தடையொண்ணும் இல்லீங்கம்மா.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. உறுப்பினர் மட்டுந்தான் உள்ள.”

இன்ஸ்பெக்டரும் லாரி முதலாளியும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள்.

* * *

உள்ளே கூட்டம் தொடங்கியது.

இந்த ஊராட்சியில் கூட்டம் என்றால் ரெண்டுபேனா பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், டீ வரும், கலைவார்கள். இன்றைக்குத் தலைவர் கேட்டார், மற்றவர்கள் பேசினார்கள். உறுப்பினர்களுக்கே தங்கள் குரல் புதிதாக இருந்தது.

“குழாய் எந்தத் தெருவுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?”

சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். மரியாதை தெரிந்த உறுப்பினர்.

“தலைவர் வீட்டுத் தெருவுலேர்ந்துதாங்க. அதுதானே முறை.”

“அது முறை இல்ல, மாமூல்,” என்றார் தலைவர். “மேட்டுத் தெருவுலேர்ந்து ஆரம்பிங்க. அங்க ஏறின தண்ணி எங்கயும் ஏறும். பள்ளத்துல ஆரம்பிச்சா மேட்டுக்குக் காத்துதான் வரும். என் வீடு கடைசில இருக்கட்டும்.”

மேட்டுத் தெருவில் குடியிருந்த தையல்கார அம்மா வாயைத் திறந்தார்... குத்தலாக எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டார்.

“குழாய்க் கட்டணம்?” என்றார் இன்னொருவர்.

“தண்ணி வந்தப்பறம். வராத தண்ணிக்குக் காசு வாங்க நாம என்ன லாரியா?”

“மோட்டாரைப் பார்த்துக்க ஆளு?”

“நம்ம ஊர் ஆளா போடுவோம். நின்னு போச்சுன்னா அவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டலாம். மேலாபீஸ் கதவைத் தட்டித் தட்டிக் கைதான் வலிக்குது. அந்த வாஷரு எங்க கிடைக்கும்?”

“என் கடையிலயே கிடக்குங்க,” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

“இத்தனை நாளா ஏன்யா சொல்லல?”

“எங்க சொல்றது? எங்களுக்கு டீதானே குடுத்தாங்க.”

“சரி. தண்ணியை நாமளே பார்த்துக்கறோம். சம்மதம்னா கையைத் தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும்.

கிளார்க் எழுதினார். தலைவர் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. கிளார்க் அந்தக் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். இதுநாள் வரை அவர் பார்த்திருந்த தலைவர் கையெழுத்தை விட இது அழகாக இருந்தது.

“இன்னொரு விஷயம் இருக்கு,” என்றார் தலைவர்.

இடுப்பிலிருந்து எதையோ எடுத்து மேஜை மேல் வைத்தார்.

‘டிங்’ என்றது அது.

“கிளார்க் சார்... ஜன்னலைச் சாத்துங்க.”

* * *

தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டர் காதைத் தீட்டினார்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். ஒருவர் இருவர் இல்லை; ஒட்டுமொத்த ஊராட்சியும் சிரித்தது. யாரோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“புருஷனைத் தூக்கிட்டானுங்க. இந்தம்மா உள்ள சிரிப்புக் காட்டிட்டிருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்ல.”

லாரி முதலாளிக்கு வியர்த்தது. அவர் பையில் கைப்பேசி ‘பாம்... பாம்...’ என்று லாரி ஹாரன் போலவே ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். அணைத்தார்.

மறுபடி பாம்.

அணைத்தார்.

மறுபடி.

“எடுத்துப் பேசுங்களேன்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“யாரோ ராங் நம்பர் சார்.”

“விடாம அடிக்கிற ராங் நம்பர்கிட்ட நானும் பேசிப் பார்க்கணும். ஸ்பீக்கர்ல போடுங்க.”

லாரி முதலாளி வாசலில் நின்ற தன் காரைப் பார்த்தார். போட்டார்.

“அண்ணே! ஏண்ணே கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்க? மீட்டிங் நின்னுடுச்சில்ல?”

இன்ஸ்பெக்டர் விறைத்தார்.

“ரா... ராங் நம்பர்,” என்றார் லாரி முதலாளி.

“விளையாடாதீங்கண்ணே. நான்தான், தலைவர் பேசறேன். இங்க ஒரு சிக்கல். எவனோ கதவை வெளிப்பக்கம் பூட்டிட்டுப் போயிட்டான். துணி வெச்சுப் பேசறதுக்கு என் மாப்ளையைக் கூட்டிட்டு வந்தேனில்ல, அவனையும் காணோம். போனையும் எடுக்க மாட்டேங்கறான். கடத்தப்பட்டவன் கடத்தினவனைத் தேடற நிலைமை ஆயிடுச்சுண்ணே.”

இன்ஸ்பெக்டர் மெல்லக் குனிந்தார். கைப்பேசியின் பக்கத்தில் வாயை வைத்தார்.

“எங்க இருக்கே?”

“பழைய பம்ப் ரூம்லதான்... அண்ணே, என்ன குரல் ஒரு மாதிரியா இருக்கு?”

“ஜலதோஷம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“உடம்பைப் பார்த்துக்குங்கண்ணே. பாருங்க, நான் எந்தப் பக்கமும் மாட்டிக்காம எப்படி முடிச்சேன்னு. ஊர்ல கேட்டா, கடத்திட்டாங்க, நான் என்ன பண்றதும்பேன். உங்களுக்கும் லாரி ஓடும். எனக்கும் நாற்காலி ஓடும். தலைவர் இல்லாம எவன் மீட்டிங் நடத்துவான்?”

அதே விநாடி கதவு திறந்தது.

கிளார்க் உறையோடு பாய்ந்து வந்தார். சைக்கிள் கடைக்காரர் பைக்கை உதைத்தார். லாரி முதலாளி குறுக்கே வந்தார்.

“நம்ம கார்ல கொண்டு போய் விடறேனே...”

“நீங்க என் ஜீப்ல வாங்க,” என்றார் இன்ஸ்பெக்டர், அவர் தோளில் அன்பாகக் கை போட்டு.

பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

* * *

பழைய பம்ப் அறை. ஊர்க் கோடி. கதவில் பெரிய பூட்டு.

ஊரே பின்னால் வந்திருந்தது. கும்பலின் ஓரத்தில், தலைவரின் தம்பி, ரெண்டுபேனா தேடிய அந்த மாப்ளை, தன் வேனுக்குப் பின்னால் தன்னை மறைத்துக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார். வேன் சின்னது. அவர் பெரியவர்.

“பூட்டை உடைங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எதுக்கு சார் பொதுச்சொத்தை உடைக்கறது,” என்றார் தலைவர். சாவியை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் சாவியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

உள்ளே, நின்று போன மோட்டாருக்குப் பக்கத்தில், சுழல் நாற்காலியில், மடியில் மிக்சர் பொட்டலத்தோடு ரெண்டுபேனா. கயிறு இல்லை. துணி இல்லை. ஒரு மேஜை விசிறி மட்டும் அவருக்காகச் சுழன்றுகொண்டிருந்தது.

ஊரைப் பார்த்ததும் அவர் மிக்சரை விழுங்கினார்.

“காப்பாத்திட்டீங்களா...” என்று பலவீனமாக முனகினார்.

“நடிக்காதீங்க. எல்லாம் போன்ல கேட்டாச்சு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மறைய இடமில்லாத தம்பி முன்னால் வந்தார்.

“சார், நான் சொல்லிடறேன். மாமாதான் தன்னைக் கடத்தச் சொன்னாரு. மாமா, கிளார்க் நீங்க தலைவர் இல்லங்கறாரேன்னு அப்பவே சொன்னேன். ‘அவன் கிடக்கான், எனக்குத் தெரியாதா’ன்னாரு. அப்பறம் அக்கா வந்தாங்க. ‘நாற்காலி கிறீச்சுனது கேட்டுச்சு, குரல் எதிரொலிச்சுது, காலியா எதிரொலிக்கிற இடம் ஊர்ல இது ஒண்ணுதான்’னாங்க. சாவியைக் கேட்டாங்க. குடுத்துட்டேன்.”

“குடுத்துட்டியா?” என்று அலறினார் ரெண்டுபேனா.

“அக்கா கேட்டா குடுத்துத்தான் மாமா பழக்கம்.”

ரெண்டுபேனா மனைவியை நோக்கிக் கையை நீட்டினார்.

“சார்! நான் என்னைக் கடத்தினது என் சொந்த விஷயம். ஆனா என்னை வெச்சுப் பூட்டினது குத்தம். கம்ப்ளெயின்ட் எழுதிக்குங்க!”

இன்ஸ்பெக்டர் தலைவரைப் பார்த்தார்.

“அவர் சொல்றது சரிதாம்மா. ஒரு ஆளை அடைச்சு வைக்கறது குத்தம். பூட்டணும்னு யார் முடிவு பண்ணது?”

“ஊராட்சி சார்,” என்றார் தலைவர் அமைதியாக. “ரெண்டாவது தீர்மானம். ‘ஊர் நலன் கருதி, தலைவரின் கணவரை, அவரே விரும்பிப் போன இடத்தில், அவரே விரும்பியபடி, கூட்டம் முடியும் வரை வைத்திருப்பது.’ பூட்டிட்டு அப்பறந்தான் ஒப்புதல் வாங்கினேன். மேலாபீஸ்ல எல்லாம் அப்படித்தானே செய்யறாங்க.”

“எத்தனை பேர் ஆதரவு?”

“ஒருத்தர் விடாம,” என்றார் தையல்கார அம்மா. “நான் ரெண்டு கையும் தூக்கினேன். ஒண்ணைத்தான் எழுதிக்கிட்டாங்க.”

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பார்த்தார். ஊராட்சியைப் பார்த்தார். மொத்த ஊராட்சியும் அந்த ஜீப்புக்குள் அடங்காது. காலையில் குடித்த தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் இருந்தது. அவர் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று துடித்தது. அதைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, குரலை இறுக்கினார்.

“ஊராட்சி பண்ண குத்தத்துக்கு முதல் குத்தவாளி ஊராட்சித் தலைவர். சட்டம் அப்படி. இங்க யாருய்யா தலைவர்?”

“நான்தான் சார்,” என்றார் ரெண்டுபேனா.

பழக்க தோஷம். வாய் முந்திக்கொண்டது.

“ஏறுங்க ஜீப்ல.”

“சார்... என்னைத்தானே சார் அடைச்சாங்க?”

“அடைச்சது ஊராட்சி. ஊராட்சின்னா தலைவர். தலைவர் நான்தான்னு ஊர் முன்னால ஒத்துக்கிட்டீங்க. ஏறுங்க.”

ரெண்டுபேனா ஊரைப் பார்த்தார். உதவிக்கு ஒரு முகம் தேடினார். ஊர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

“தலைவரே, போயிட்டு வாங்க,” என்றது கும்பலில் ஒரு குரல்.

“தலைவர் எங்க போனாலும் தலைவர்தான்,” என்றது இன்னொன்று.

அவர் முகம் வெளுத்தது.

“சார், நான்... தலைவர் இல்ல சார்.”

“காதுல விழல.”

“நான் தலைவர் இல்லய்யா! தலைவர் என் பொண்டாட்டி! நான் வெறும் புருஷன்!”

பம்ப் அறை அதை வாங்கி, மூன்று தடவை திருப்பிச் சொன்னது.

புருஷன்... புருஷன்... புருஷன்...

தலைவரின் கையில் கைப்பேசி துடித்தது. மேலாபீஸிலிருந்து கிளார்க். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா... குடுத்துட்டேன். வாங்கி முத்திரை குத்திட்டாங்கம்மா. மணி இன்னும் அஞ்சாகல.”

ஊர் ஆர்ப்பரித்தது. லாரி முதலாளி ஜீப்பின் பின்சீட்டில், யாரும் சொல்லாமலே, தானாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“நல்லது கிளார்க் சார்,” என்றார் தலைவர். கணவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். “பேனாவை மூடிடாதீங்க. மூணாவது தீர்மானம் ஒண்ணு, யாரு தலைவர்னு, இப்பத்தான் நிறைவேறிச்சு... முன்மொழிஞ்சவர், என் வீட்டுக்காரர்.”